நாங்குநேரிப் பக்கம்: ஊராட்சி அலுவலகம் வரை வந்த ஃபைபரை வீடுகளுக்குக் கொண்டுவருவது எப்படி?

பதிவு 1 | வாழைத்தார் | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய ஊராட்சியைச் சேர்ந்த வாழை விவசாயி நான். எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் உள்சுவரில் சென்ற ஆண்டு ஓர் இரும்புப் பெட்டி பொருத்தப்பட்டது. மின்கம்பங்கள் வழியாக வந்த கறுப்புக் கேபிள் ஒன்று அதற்குள் போகிறது. பாரத்நெட் திட்டத்தின் கேபிள் அது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதிலிருந்து இன்றுவரை ஒரு வீட்டுக்கும் இணைப்பு போகவில்லை.

இத்திட்டத்தைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. 2011ஆம் ஆண்டு தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, நாட்டின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைப்பதென்று தொடங்கிய திட்டம், பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான பணியை டான்ஃபிநெட் எனப்படும் மாநில அரசு நிறுவனம் ஏற்றது. தென்காசி தனி மாவட்டமான பிறகு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் 204 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். ஊராட்சிக்கு ஒரு ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் என்பது இலக்கு.

எங்கள் ஊராட்சியில் தாய்க்கிராமத்தைத் தவிர மூன்று சிற்றூர்கள் உள்ளன; கடைசிச் சிற்றூர் அலுவலகத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். செல்போன் சிக்னல் மொட்டை மாடியில் இரண்டு கட்டை வரும், வாழைத் தோப்புக்குள் அதுவும் இல்லை. காற்றில் வாழை சாய்ந்தபோது பயிர்க் காப்பீட்டுக்காக எடுத்த படங்களைப் பதிவேற்ற, நான் பைக்கில் நாங்குநேரி நான்குவழிச் சாலை வரை போய்விட்டு வந்தேன். மணிமுத்தாறு கால்வாயின் மூன்றாவது, நான்காவது ரீச்சில் (பகுதியில்) இருப்பவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் கண்ட கதையை இப்போது இணையத்திலும் காண்கிறோம். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்தக் கடைசித் தூரத்தை யார், எந்தப் பணத்தில், எப்படிக் கடப்பது? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | கண்ணாடி இழை | ஞாயிறு, இரவு 10.25

அண்ணாச்சி, நான் வள்ளியூர் பக்கம் பதினோரு ஆண்டுகளாக ஃபைபர் ஸ்ப்ளைசிங், அதாவது இழைகளை ஒட்டி இணைக்கும் வேலை பார்க்கிறேன். உங்கள் உவமையையே எடுத்துக்கொள்கிறேன். ஊராட்சிக்கு வரும் ஒரு ஜிபிபிஎஸ் என்பது பெரிய கால்வாய். கால்வாய் ஊர் எல்லை வரை வந்துவிட்டது என்பதற்காக வயலில் தண்ணீர் நிற்காது. மடையும் வரப்பு வாய்க்காலும் வேண்டும். மடையின் வேலையை இங்கே செய்வது ஓஎல்டி என்ற கருவி. அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழையை ஸ்ப்ளிட்டர் என்ற சின்னஞ்சிறு பொருள் 8, 16, 32 எனப் பிரித்துக் கொடுக்கும். இந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. தெருமுனைக் கம்பத்தில் ஒரு சின்ன டப்பாவுக்குள் அது பாட்டுக்கு இருக்கும். வீட்டில் நீங்கள் வைக்கும் வைஃபைப் பெட்டி ஓஎன்டி. ஓஎல்டிக்கும் ஓஎன்டிக்கும் இடையில் இருபது கிலோமீட்டர் வரை போகலாம் என்பதால், உங்கள் நான்கு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

வேகத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 150 வீடுகள் இணைப்பு எடுத்தாலும் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு 40 வீடுகளில் தெளிவான வீடியோ ஓடுகிறது, வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ் போகிறது என்று வைத்தால் மொத்தம் 200 எம்பிபிஎஸ். மேலேயிருந்து ஒரு ஜிபிபிஎஸ், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ், உண்மையிலேயே வருமானால் அது தாராளம்.

ஆகவே உங்கள் ஊரில் குறைவது மூன்று. ஓர் ஓஎல்டி, தெருக்களுக்கு ஓடும் கேபிள், அறுந்தால் ஏணியோடு வரும் ஓர் ஆள். முதல் இரண்டையும் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். மூன்றாவது கிடைக்காமல் நின்றுபோன ஊர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டியின் விளக்குகள் எரிகின்றனவா? இரவிலும் எரிகின்றனவா?

பதிவு 3 | பாளை வாசி | திங்கள், காலை 7.40

மாற்றுக் கருத்து சொல்பவனை மன்னிக்கவும். ஊருக்கு ஊர் 4ஜி வந்து, பல இடங்களில் 5ஜியும் வந்துவிட்ட காலத்தில் வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பது தேவைதானா? சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023 ஆகஸ்டில் திருத்தப்பட்ட பாரத்நெட்டுக்கு மேலும் 1,39,579 கோடி. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து நூற்றுக்கு ஐந்து ரூபாய், கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்கான சேவை நிதிக்குப் போகிறது. முன்பு யுஎஸ்ஓ நிதி என்றிருந்ததை இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அது நாம் ரீசார்ஜ் செய்த காசுதான். ஒரே ஊருக்கு டவர் ஒரு பக்கம், ஃபைபர் ஒரு பக்கம் என்று இரண்டு முறை செலவழிக்க வேண்டுமா?

பதிவு 4 | பத்தமடை டீச்சர் | திங்கள், மாலை 5.15

பாளை வாசி ஐயாவுக்கு ஒரு வீட்டைக் காட்ட விரும்புகிறேன். என் வகுப்பில் படிக்கும் பெண்ணின் வீடு முக்கூடலுக்கு அருகில் இருக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கேரளாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பது ஒரு போன். தினம் ஒன்றரை ஜிபி. காலையில் அம்மாவின் வருங்கால வைப்புநிதிக் கணக்கு சம்பந்தமாக ஓடிபி வருவதற்காக அந்தப் போன் வீட்டில் இருந்தாக வேண்டும். மாலையில் அண்ணன் போட்டித் தேர்வு வகுப்பு பார்க்கிறான். இரவு ஒன்பது மணிக்கு அது இந்தப் பெண்ணின் கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது டவர் நெரிசலில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2020, 2021 கொரோனா காலத்தில் பிள்ளைகள் மாடியிலும் மரத்தடியிலும் நின்று வகுப்பு கேட்டதை நாம் பார்த்தோம். பள்ளி திறந்ததும் அதை மறந்துவிட்டோம்.

"பிராட்பேண்ட்" என்ற சொல்லுக்கு இந்தியாவில் 2013 முதல் இருந்த குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ், அதாவது ஏறத்தாழ அரை எம்பிபிஎஸ். 2023 ஜனவரியில்தான் அது 2 எம்பிபிஎஸ் ஆக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்குப் பல மாலைகளில் கிடைப்பது அதற்கும் கீழே. மேலும், போன் என்பது பார்ப்பதற்கு ஏற்ற கருவி. பதிவேற்றுவதற்கும் எழுதுவதற்கும் விண்ணப்பம் நிரப்புவதற்கும் அது போதாது. வீட்டில் ஒரு ஃபைபர் இணைப்பு இருந்தால் நான்கு பேர் நான்கு வேலையைப் பார்க்கலாம். அதற்கான மாதக் கட்டணத்தையும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் அந்த வீடு கட்டுமா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் கம்பியைவிட அதுதான் கடினமான கேள்வி.

பதிவு 5 | பணகுடிக் காற்று | திங்கள், மாலை 6.02

கம்பத்தில் கட்டும் கேபிளைப் பற்றி ஒரே ஒரு சொல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை இங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தொய்வாகக் கட்டிய கேபிள் ஒரு காற்றுக்காலம் தாங்காது. கம்பத்தில் உரசி உரசியே மேலுறை தேய்ந்துவிடும்.

பதிவு 6 | முன்னாள் வார்டு | திங்கள், இரவு 8.50

நான் ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தவன் என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன். ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி இருக்கிறது என்பதற்காக அது ஊராட்சியின் சொத்து ஆகிவிடாது. மின்கம்பம் மின்வாரியத்துக்கு உரியது. தெரு ஊராட்சிக்கு உரியது, மாவட்டச் சாலையை ஒட்டிப் போனால் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. ஓர் ஊருக்குள் அரைக் கிலோமீட்டர் கேபிள் இழுக்க மூன்று அலுவலகங்களின் கையெழுத்து தேவைப்படலாம். இப்படிக் கேபிள் கொண்டுபோக அனுமதி தரும் வழியுரிமைக்கு மத்திய அரசு 2016இல் விதிகள் கொண்டுவந்தது. புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த 2024 விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. விதி நன்றாகத்தான் இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நான் பார்த்தவரை நடந்த வழி இதுதான். ஊரில் ஏற்கெனவே கேபிள் டிவி நடத்துபவரைப் பிடிப்பது. கம்பங்களில் அவருடைய ஒயர் இருக்கிறது, ஏணி இருக்கிறது, மாதாமாதம் வீடு வீடாகப் போய் வசூலிக்கும் பழக்கம் இருக்கிறது. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் பத்தாம் தேதிக்கு மேல்தான் பணம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். டிவி சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே வருவதால் அவருக்கும் புதிய தொழில் தேவை. ஓஎல்டியை வாங்கிப் போட அவர் தயங்கினால், கிராம சபையில் குறைந்தது ஐம்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளர் உறுதி என்று தெரிந்தால் முதல் போட ஆள் வருவார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்ததை விட்டுவிடாதீர்கள்.

டீச்சர் கேட்ட கட்டணக் கேள்விக்கு ஓரளவு பதில் பிஎம்-வானி. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற இந்த முறையில், டீக்கடைக்காரரோ பலசரக்குக் கடைக்காரரோ உரிமக் கட்டணம் எதுவும் இல்லாமல் பொது வைஃபை நடத்திச் சின்னச் சின்ன விலையில் டேட்டா விற்கலாம். இவர்களுக்குக் கொடுக்கும் இணைப்புக்கு வணிகக் கட்டணம் கேட்டதால் பலர் ஒதுங்கிவிட்டார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு வரம்பு கட்டியது: 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு, வீட்டுக்காரர் கட்டும் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மாதம் முழுவதும் கட்ட முடியாத வீட்டுக்கு, பலசரக்குக் கடை வாசலில் பத்து ரூபாய்க்குக் கிடைப்பதும் ஓர் உதவிதான்.

பதிவு 7 | பத்தமடை டீச்சர் | திங்கள், இரவு 9.20

அண்ணாச்சி, இரவு ஒன்பது மணிக்குப் பெண்பிள்ளை பலசரக்குக் கடை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளா என்பதையும் யோசிக்க வேண்டும். நூலகத்திலோ பள்ளிக் கட்டடத்திலோ வைத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு 8 | முன்னாள் வார்டு | திங்கள், இரவு 9.31

சரியாகச் சொன்னீர்கள். எனக்கு அது தோன்றவில்லை.

பதிவு 9 | உவரிக் கரை | செவ்வாய், காலை 6.30

கடலோரத்துக்காரன் என்ற முறையில் ஒரு சேர்க்கை. எங்கள் ஊர்களில் காற்றோ குரங்கோ பெரிய பகையில்லை, உப்புதான் பகை. கண்ணாடி இழையை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் இரும்புப் பெட்டி, கிளாம்பு, இழுவைக் கம்பி, பவர் சப்ளை எல்லாம் இரண்டு மழைக்குள் துருப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

கடலுக்குள் போனவனுக்கு ஃபைபரும் இல்லை, டவரும் இல்லை. கரையில் இருப்பவர்களுக்குக் கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேர்ந்தால் வள்ளத்தை மேலே இழுத்துப் போட அரை மணி நேரம் கிடைக்கும். எங்களுக்கு அதுவே பெரிது.

பதிவு 10 | மலையடிச் செவிலி | செவ்வாய், பிற்பகல் 2.10

பாபநாசத்துக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போய்வரும் கிராம சுகாதாரச் செவிலியர் நான். அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, மயிலாறு போன்றவை ஒரு வகை. காரையாறு அணையைத் தாண்டி உள்ளே இருக்கும் இஞ்சிக்குழி முற்றிலும் வேறு வகை. இவை எல்லாம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. "காடு, அதனால் கேபிள் கொண்டுவர முடியாது" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(2) பிரிவில், வனவாசிகளுக்காக அரசு செய்துகொடுக்கும் 13 வகை வசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி, அங்கன்வாடி, சாலை ஆகியவற்றோடு மின் கம்பிகளும் தொலைத்தொடர்புக் கம்பிகளும் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பவை நிபந்தனைகள். புலிகள் காப்பகம் என்பதால் வன உயிரினச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் இதற்கு மேல் தனியே உண்டு. ஆனாலும் ஏற்கெனவே மின்கம்பி போயிருக்கும் குடியிருப்புக்கு, அதே கம்பத்தில் ஓர் இழையைச் சேர்த்துக் கட்டுவதற்கு மரம் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஓர் ஏழு மாதக் கர்ப்பிணிக்குக் கால் வீங்கி, ரத்த அழுத்தம் 150க்கு மேல் போயிருந்தது. இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரிடம் காட்டலாம் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் வரும் பாறையைத் தேடி இருபது நிமிடம் நடந்தேன். அங்கே போனதும் குரல் கேட்டது, படம் வரவில்லை. ஜீப்பை வரவழைத்து அம்பாசமுத்திரம் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் நலம். பாறைக்குப் பதிலாக அந்தக் குடியிருப்பின் அங்கன்வாடியில் ஒரு பெட்டி இருந்திருந்தால், அந்தப் பெண் மூன்று வாரங்களுக்கு முன்பே மருத்துவர் கண்ணில் பட்டிருப்பாள்.

இஞ்சிக்குழிக்கு ஃபைபர் கேட்க மாட்டேன். அங்கே செயற்கைக்கோள்தான் வழி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகையில், நாம் கேட்டதற்குப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். 550 கிலோமீட்டர் அளவில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தாமதம் பேச்சைக் கெடுக்காது. அதன் கட்டணத்தைக் காணி மக்களிடம் கேட்கக் கூடாது. சுகாதாரத் துறையோ பழங்குடியினர் நலத் துறையோ ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு 11 | வாழைத்தார் | செவ்வாய், இரவு 8.05

கண்ணாடி இழைத் தம்பி கேட்ட கேள்விக்கு இன்று விடை கண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஊராட்சிச் செயலரிடம் சாவி வாங்கிக்கொண்டு மாலை ஐந்தரைக்குப் போனேன். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கேபிள் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு செயலரிடம் கேட்டால், "வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவோம், கரண்ட் பில் தணிக்கையில் கேள்வி வரும்" என்கிறார். ஆக, அந்தப் பெட்டி காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான் உயிரோடு இருக்கிறது. சனி, ஞாயிறு முழு ஓய்வு. அதற்கென்று வைத்த பேட்டரியின் மேல் பழைய வரி ரசீதுக் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ரசீதுகளை நகர்த்தினால், அடியில் பேட்டரியின் ஒரு முனை கழற்றிவிடப்பட்டிருக்கிறது. மெயினைப் போட்டதும் பெட்டி ஒன்றரை நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கு காட்டியது. செயலரும் நானும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அது அணையக் கூடாத பெட்டி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பதிவு 12 | கண்ணாடி இழை | செவ்வாய், இரவு 9.45

இதைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணாச்சி. மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்து தனியாக ஓர் எம்சிபி (மின்பாதுகாப்பு சுவிட்ச்) எடுத்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒயரிங் செய்யுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

அடுத்து, கேபிள் இழுப்பவரிடம் நீங்கள் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு சொல்கிறேன். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். அதன் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் டிபிஎம் என்ற அலகில் காட்டும். ஓஎல்டியிலிருந்து ஏறத்தாழ +3 கிளம்புகிறது என்று வையுங்கள். 32 வழி ஸ்ப்ளிட்டர் 17.5 சாப்பிடும். நான்கு கிலோமீட்டர் இழை, கிலோமீட்டருக்கு 0.35 வீதம், 1.4 சாப்பிடும். இடையில் நான்கு கனெக்டர்கள், ஒவ்வொன்றும் அரை, ஆக 2. உங்கள் கடைசிச் சிற்றூரின் வீட்டில் மீட்டர் –18 அளவில் காட்ட வேண்டும். வீட்டுப் பெட்டி –27 வரை தாங்கும் என்பதால் இது நல்ல நிலை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தெருவில் 32 வீடும் நிரம்பிவிடும். முப்பத்து மூன்றாவதாகப் புதிதாய்க் கல்யாணம் ஆன வீடு ஒன்று இணைப்பு கேட்கும். புதிய போர்ட்டிலிருந்து இழை கொண்டுவரச் சோம்பல்பட்டு, கடைசி வீட்டுக்குப் போகும் இழையை வெட்டி, நடுவில் ஓர் 8 வழி ஸ்ப்ளிட்டரைச் செருகிவிடுவார்கள். அது தனியாக 10.5 சாப்பிடும். மீட்டர் –28.5. முதல் நாள் இணைப்பு எப்படியோ பிடித்துக்கொள்ளும். பிறகு மழை பெய்தால் போகும், கேபிளில் குரங்கு தொங்கினால் போகும், வீட்டுக்காரர் பீரோவை நகர்த்தி ஒயர் மடங்கினால் போகும். வெளிச்சம் வந்து சேரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு பெட்டியில் மினுக்கும். "கிராமத்தில் நெட் இப்படித்தான்" என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஆகவே இணைப்பு கொடுக்கும் அன்றே ஒவ்வொரு வீட்டின் அளவையும் பெட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். –24க்குக் கீழே இறங்கிய வீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பின்னாளில் பழுது என்று வரும் ஆளுக்கு, அன்று எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் பாதி நோய் தெரிந்துவிடும்.

குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டும்போது புதைத்த கேபிள் அறுவது நம் பக்கம் வாடிக்கை. தோண்டுபவர் முன்கூட்டியே தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலி வெளியிட்டது. நான் பார்த்த ஜேசிபி ஓட்டுநர் ஒருவர்கூட அதை வைத்திருக்கவில்லை. கேபிள் போகும் வழியில் மஞ்சள் பட்டை அடித்த கல் நடுவது இன்னும் பலன் தருகிறது.

பதிவு 13 | ஆற்றங்கரை | புதன், காலை 10.30

பேட்டரியைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. எங்கள் வீடு சீவலப்பேரிக்குக் கீழே இருக்கிறது. கரண்ட் போன அன்று இரவு வரை போன் வேலை செய்தது. டவர் பேட்டரி தீர்ந்ததும் ஒன்றொன்றாக எல்லாம் அடங்கின, டீசல் கொண்டுவரச் சாலை இல்லை. மாடியில் ஒன்பது பேர் இருந்தோம். யார் உயிரோடு இருக்கிறார்கள், படகு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் இரண்டு இரவுகள் கழிந்தன.

கம்பத்தில் ஓடும் இழைக்கு நடுவழியில் கரண்ட் தேவையில்லை என்று படித்தபோது எனக்கு அந்த இரவுகள்தான் நினைவுக்கு வந்தன. இரு முனையிலும் கரண்ட் இருந்தால் போதும் என்றால், ஊராட்சி அலுவலகத்தின் கூரையில் சோலார் தகடு வைத்து, பெட்டியைத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் மாட்டுங்கள். எங்கள் ஊரில் தரையோடு தரையாக வைத்த கருவிகள் எல்லாம் சேற்றில் போயின.

பதிவு 14 | பாளை வாசி | புதன், மாலை 4.45

இவ்வளவையும் படித்த பிறகு என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். செல்போன் போதும் என்று சொல்ல மாட்டேன். டவருக்கே அடியில் ஃபைபர் வந்தால்தான் 5ஜி வேகம் கிடைக்கும் என்பதையும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. முதல் ஆண்டு எல்லாம் நன்றாக நடக்கும். மூன்றாம் ஆண்டில் யார் நடத்துவார்கள்?

பதிவு 15 | பழைய மோடம் | புதன், இரவு 7.20

மூன்றாம் ஆண்டைப் பற்றிக் கேட்டீர்கள் என்பதால் பழைய கதை ஒன்று. 2001ஐ ஒட்டி மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து ஊர் ஊராக இணைய மையங்கள் திறந்தார்கள். வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் பங்கெடுத்த, அந்தக் காலத்தில் மிகவும் பேசப்பட்ட முயற்சி அது. சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மனுக்களை அனுப்பும் வரை கூட்டம் வந்தது. ஆதரவு குறைந்து, பழுது பார்க்க ஆளும் வராமல் போனபோது சில ஆண்டுகளிலேயே பல மையங்கள் மூடப்பட்டன.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனை கிராமக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபையால் தன் மருத்துவமனையோடு இணைத்தது. பெர்க்லி ஆய்வாளர்கள் அந்த இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். அது நிலைத்தது, கண் மையங்கள் பெருகின. இரண்டிலும் தொழில்நுட்பம் எளியதுதான். தேனியில் இணைப்பு ஒரு நாள் நின்றாலும் அன்றைக்கே நோயாளி காத்திருப்பார், மருத்துவமனைக்கு வேலை கெடும். ஆகவே உடனே சரிசெய்ய ஆள் இருந்தது. மேலூரில் இணைப்பு நின்றால் மனு கொடுக்க வந்தவர் பஸ் ஏறித் தாலுகா அலுவலகம் போய்விடுவார், யாருக்கும் உடனடி நட்டமில்லை. உங்கள் ஊரில் இணைப்பு நின்றால் அன்றே கூச்சல் போடும் இடங்கள் எவை என்று பாருங்கள். ரேஷன் கடையின் கைரேகைக் கருவி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, நூறு நாள் வேலையின் வருகைப் படம், கூட்டுறவுச் சங்கம். இவற்றை முதலில் இணைத்துவிட்டால் கேபிள்காரரை ஊரே நிம்மதியாக உட்காரவிடாது.

பதிவு 16 | வாழைத்தார் | சனி, இரவு 9.00

எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று நாட்களாக அலைந்ததில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டிக்குத் தனி எம்சிபி போட்டாயிற்று, பேட்டரியின் முனையைச் சேர்த்தாயிற்று. வரி ரசீதுகள் அலமாரிக்குப் போய்விட்டன. வெள்ளம் எங்கள் ஊருக்கு வராது என்று செயலர் சொன்னாலும், பெட்டியைத் தலை உயரத்துக்கு மேலே மாற்றி மாட்டச் சொல்லியிருக்கிறேன். கேபிள் டிவி நடத்தும் அண்ணாச்சி முதலில் பிடிகொடுக்கவில்லை. "ஏற்கெனவே நூற்றிருபது வீட்டில் டிவி செட்டாப் பெட்டி கிடக்கிறது, பாதிப் பேர் பணம் தருவதில்லை" என்றார். ரேஷன் கடை, பள்ளி, துணை சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்ற நான்கு இடங்களும் மாதம் தவறாமல் கட்டும் என்று சொன்ன பிறகு உட்கார்ந்து பேசினார். எட்டு போர்ட் ஓஎல்டியில் முதலில் இரண்டு போர்ட் மட்டும் திறப்பது, ஐம்பது கையெழுத்து சேர்ந்ததும் கடைசிச் சிற்றூருக்கு இழுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். இன்றுவரை முப்பத்தேழு கையெழுத்து. அவற்றில் பதினான்கு பீடி சுற்றும் வீடுகள். அவர்கள் வீட்டுக்கு ஓர் இணைப்பு எடுக்கவில்லை. மூன்று வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு போட்டு எடுக்கிறார்கள். இணைப்பு விதிகளில் இதற்கு இடமுண்டா என்று கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். டீச்சர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்கள் தாங்களே கண்ட விடை அது. எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. நூலக அறையில் பிஎம்-வானி வைப்பதைக் கிராம சபைத் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம். மாலை ஆறு முதல் எட்டு வரை அறையைத் திறந்து வைக்க மகளிர் குழுவில் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடி இழைத் தம்பி, கேபிள்காரரிடம் இருக்கும் பவர் மீட்டரை நம்ப முடியவில்லை. ஒரே இழையைக் காலையில் –19 என்கிறது, மாலையில் –25 என்கிறது. உங்கள் மீட்டரை இரண்டு நாள் இரவல் தர முடியுமா? வியாழக்கிழமை காலை வள்ளியூரிலிருந்து நாங்குநேரி வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

பதிவு 17 | கண்ணாடி இழை | சனி, இரவு 9.40

தருகிறேன் அண்ணாச்சி. அதற்கு முன் அவருடைய மீட்டரின் முனையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஏழு முறை அது வெறும் தூசிதான்.